ராஜசிம்மனின் ராணி எப்படிப்பட்டவர்?

இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றிக்கு ஆறு மனைவிகள். யாரை விலக்கி வைத்தான், யார் தலையை வெட்டினான், யார் பிள்ளை பெற்ற கையோடு இறந்துபோனார் என்று நம்மூர்க் கல்லூரிப் பிள்ளைகளும் வரிசை தவறாமல் ஒப்பிப்பார்கள். டி.வி. தொடர்களின் புண்ணியம். அதே பிள்ளைகளிடம் காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலைக் கட்டியது யார் என்று கேளுங்கள். ராஜசிம்ம பல்லவன் என்று பட்டென்று பதில் வரும். பள்ளிப் புத்தகத்தில் இருக்கிறது. அவன் மனைவி பெயர் என்ன என்று அடுத்த கேள்வியைப் போட்டால் டீக்கடை பெஞ்சில் இருப்பவர்கள் எல்லாரும் டீ கிளாசைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

பெயர் இருக்கிறது. ரங்கபதாகை. யாரோ பின்னாளில் இட்டுக்கட்டிய கதையில் வருகிற பெயர் இல்லை. அவர் வாழ்ந்த காலத்திலேயே கருங்கல்லில் வெட்டிய பெயர். ஹென்றியின் ராணிகளுக்கு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் மூத்தவர். அவரைப் பற்றி நமக்குத் தெரிந்தது சில வரிகள்தான். அந்தச் சில வரிகளிலிருந்து ஒரு மனுஷியின் குணத்தைக் கண்டுபிடிக்க முடியுமா? கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய விஷயம். இன்னொரு டீ சொல்லிவிட்டு உட்காருங்கள்.

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். ஊரின் மேற்கு ஓரம், பிள்ளையார்பாளையத்துத் தறிச் சத்தத்தைத் தாண்டிப் போனால் கைலாசநாதர் கோயில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. அடித்தளம் கருங்கல், மேலே எல்லாம் மணற்கல். மணற்கல் ஆயிரத்து முன்னூறு வருஷ மழையில் கரைந்திருக்கிறது. அடித்தளக் கருங்கல்லில் வெட்டிய எழுத்துகள் பல இன்னும் நிற்கின்றன. உள்ளே மதிலை ஒட்டிச் சிறுசிறு சன்னதிகள் ஐம்பதுக்கு மேல். அவற்றின் அடியில் ராஜசிம்மனின் பட்டப்பெயர்களை வரிசையாகப் பொறித்திருக்கிறார்கள். ரணஜயன், அத்யந்தகாமன், ஆகமப்ரியன், சிவசூடாமணி என்று போகிறது அந்தப் பட்டியல், இருநூற்றைம்பது தேறும். ஒரு மனிதன் தன்னை இத்தனை விதமாகச் சொல்லிக்கொண்ட இடம் இந்தியாவிலேயே அபூர்வம்.

இந்த மதிலுக்கு வெளியே, வாசலுக்கு முன்பாக, கிழக்குப் பார்த்து வரிசையாக எட்டுச் சிறு கோயில்கள் நிற்கும். பெரும்பாலோர் அவற்றைக் கடந்து நேராக உள்ளே போய்விடுகிறார்கள். நிற்க வேண்டிய இடம் அதுதான். அவற்றில் ஒன்றைச் சுற்றி, பல்லவ கிரந்த எழுத்தில், வடமொழிச் செய்யுளாக ஒரு கல்வெட்டு ஓடுகிறது. ஹூல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் அதைப் படித்து, 1890-இல் வெளியான தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் அச்சிட்டார். இந்தச் சிறு கோயிலைக் கட்டுவித்தவர் ரங்கபதாகை என்கிறது அது.

கல்வெட்டு சொல்வதன் சாரம் இதுதான். மலையரசன் மகள் பார்வதி பரமேசுவரனுக்கு எப்படியோ, அப்படிக் காலகாலன் என்று பேர் பெற்ற தன் கணவனுக்குப் பிரியமானவர் இவர். உலகைக் காப்பதில் மனம் வைத்த நரசிம்மவிஷ்ணுவின் அன்பைப் பெற்றதால் திருமகளின் கர்வத்தையே அடக்கியவர். பெண்களுக்கெல்லாம் பதாகை, அதாவது கொடி போன்றவர். பிறை சூடிய பெருமானுக்கு இந்த அழகிய இல்லத்தைக் கட்டுவித்தவர்.

கவிராயர் இதில் ஒரு சாமர்த்தியம் செய்திருக்கிறார். காலகாலன் என்பது எமனை உதைத்த சிவனுக்கும் பெயர், ராஜசிம்மனின் பட்டங்களிலும் ஒன்று. விடைக்கொடி சிவனுக்கும் உண்டு, பல்லவருக்கும் உண்டு. ஊர்களை அழித்த வில் என்று வருவதைத் திரிபுரம் எரித்த வில் என்றும் கொள்ளலாம், பகைவர் நகரங்களை அழித்த ராஜாவின் வில் என்றும் கொள்ளலாம். நரசிம்மவிஷ்ணு என்றது ராஜசிம்மனின் இயற்பெயரான நரசிம்மவர்மன் என்பதையே. ஒரே கல்வெட்டில் ராஜா சிவனும் ஆகிறான், விஷ்ணுவும் ஆகிறான். ராணி பார்வதியும் ஆகிறார், லட்சுமியை மிஞ்சியும் நிற்கிறார்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ராணி எப்படிப்பட்டவர் என்ற நம் கேள்விக்கு இதில் பதில் இல்லை. இதே முன்வரிசைச் சன்னதிகளின் எழுத்துகளில், ஆயிரம் ஆயிரம் அழகிகளைப் படைத்துப் படைத்துக் கை தேர்ந்த பிரமன் கடைசியில் படைத்த பெண் என்ற பாணியிலும் ஒரு புகழ்ச்சி வருகிறது. இதை எந்த ராஜாவின் எந்த ராணிக்குச் சொன்னாலும் பொருந்தும். அந்த ராணி கோபக்காரராக இருந்தாலும் பொருந்தும், கணக்கு வழக்கில் கெட்டிக்காரராக இருந்தாலும் பொருந்தும்.

அப்படிப் பொருந்துவதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்துக் காஞ்சி, காவியம் எப்படி எழுத வேண்டும் என்று இலக்கணம் வகுத்த ஊர். காவ்யாதர்சம் எழுதிய தண்டி இந்தப் பல்லவ அரசவையோடு சேர்த்துச் சொல்லப்படுபவர். இனிமை, மென்மை, ஒளி என்று நல்ல செய்யுளுக்கே பத்துக் குணம் வகுத்தவர் அவர். அவைப் புலவருக்குக் கொடுத்த வேலை ராணியின் சுபாவத்தைக் குறித்து வைப்பது அல்ல. ராஜாவைத் தெய்வமாக்கினால் பக்கத்தில் ஒரு தேவி வேண்டும், அந்த இடத்தை அலங்காரமாக நிரப்புவது. கோயிலுக்குள் கருவறைச் சுவரில் இருக்கும் சோமாஸ்கந்தச் சிற்பத்தைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். ஈசன், பக்கத்தில் உமை, நடுவில் பிள்ளை முருகன். ராஜசிம்மன் காலக் கோயில்கள் பலவற்றிலும் இந்தக் குடும்பம் கருவறையில் இருக்கிறது. அரண்மனையும் தன்னை அப்படியே பார்த்துக்கொண்டது.

நம்மூரில் பட்டு வாங்க வரும் விவரமான அம்மாக்கள் ஜரிகையின் பளபளப்பைப் பார்த்து மயங்க மாட்டார்கள். ஓர் இழையை எடுத்து நகத்தால் சுரண்டுவார்கள். தங்கமும் வெள்ளியும் விலகி உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால்தான் அசல். புகழ்மொழியையும் அப்படிச் சுரண்டிப் பார்க்க வேண்டும். மேலே இருக்கும் பார்வதி, லட்சுமி எல்லாம் உதிர்ந்த பிறகு, அடியில் அந்த ஆள் செய்த காரியம் ஏதாவது தெரிகிறதா என்பதே கேள்வி.

ரங்கபதாகை விஷயத்தில் ஒன்று தெரிகிறது. கட்டுவித்தார். செய்வித்தவர் என்று வாக்கியம் சொல்வது அவரைத்தான். உள்ளே இருநூற்றைம்பது பட்டங்களும் ஒரே ஆளைச் சொல்லிக்கொண்டிருக்கும் வளாகத்தின் முகப்பில், வருகிறவர் போகிறவர் கண்ணில் முதலில் படும் வரிசையில், தன் பெயரால் ஒரு கோயிலை நிறுத்தியிருக்கிறார். பல்லவ ராணி யாராவது தானே கோயில் கட்டிப் பெயரையும் வெட்டி வைத்தார் என்று கையைக் காட்டக்கூடிய இடங்கள் மிகக் குறைவு. ராஜசிம்மனின் பெயர் கடல் தாண்டிப் போனது. 720-இல் சீனத்துத் தாங் பேரரசனுக்கு அவன் தூது அனுப்பியதைச் சீனக் குறிப்புகள் சொல்கின்றன. ராணியின் பெயருக்கு இந்த ஒரு கல்தான் சாட்சி. தன் பெயர் நிற்க வேண்டும் என்று அவர் அந்தக் கல்லை வெட்டச் சொல்லியிராவிட்டால் இன்று நாம் பேச எதுவும் இல்லை.

பின்னாளில் காஞ்சிக் கோயிலைப் பற்றி நாடு முழுதும் பரவிய கதையில் ராணிக்கு இடமே கிடைக்கவில்லை. பெரியபுராணத்துப் பூசலார் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கையில் காசில்லாத திருநின்றவூர்ப் பூசலார் மனசுக்குள்ளேயே கோயில் கட்ட, காடவர் கோமான் காஞ்சியில் கல்லால் கட்ட, இறைவன் கனவில் வந்து பூசலார் கோயிலுக்குத்தான் அன்று போகப்போகிறேன் என்று ராஜாவிடம் சொன்ன கதை. அந்த ராஜா ராஜசிம்மன்தான் என்று ஆராய்ச்சியாளர் பலர் சொல்வார்கள். கதையில் பக்தர் இருக்கிறார், ராஜா இருக்கிறான், கடவுள் இருக்கிறார். வாசலில் தன் பங்குக்கு ஒரு கோயில் கட்டிய அம்மாள் இல்லை.

‘அந்த வெள்ளைக்கார ராணிகளுக்குக் கடிதம் இருக்கிறது, அறிக்கை எழுதிய தூதர்கள் இருக்கிறார்கள், ஓவியம் இருக்கிறது, நமக்கு இல்லையே’ என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அங்கேயும் பளபளப்பு வேறு, இழை வேறு. டியூடர் ராணிகள் ஒவ்வொருவரும் ஒரு முத்திரை வாசகம் வைத்துக்கொண்டார்கள். மூன்றாம் மனைவி ஜேன் சீமோர் வைத்துக்கொண்டது, கீழ்ப்படிந்து பணி செய்யக் கடமைப்பட்டவள் என்ற பொருளில். நம் கல்வெட்டின் பார்வதி உவமை மாதிரிதான் அதுவும். ராணி இப்படித் தெரிய வேண்டும் என்று அரண்மனை விரும்பியது. ஆறாம் மனைவி கேத்தரின் பாரை அறிய வேண்டுமானால் அவர் செய்ததைப் பார்க்க வேண்டும். 1544-இல் ஹென்றி பிரான்சுக்குப் படையெடுத்துப் போனபோது ஆட்சிப் பொறுப்பை ஏற்று நடத்தினார். அடுத்த ஆண்டு தன் பெயர் போட்டு ஒரு பிரார்த்தனை நூலை அச்சிட்டார். தாயில்லாத பிள்ளைகளாக வளர்ந்த எலிசபெத்தையும் எட்வர்டையும் அணைத்து நடத்தினார். அவர் குணம் இந்தக் காரியங்களில் இருக்கிறது, முத்திரையில் இல்லை.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு காஞ்சியோடு தொடர்புடைய இன்னும் சில ராணிகளைப் பார்க்கலாம்.

ராஜசிம்மன் மறைந்து இருபது ஆண்டுகூட ஆகியிருக்காது. வாதாபிச் சாளுக்கிய அரசன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் வெற்றியோடு நுழைந்தான். நூறு வருஷம் முன்பு இதே பல்லவர்கள் வாதாபியைச் சூறையாடியவர்கள். பழி தீர்த்திருக்கலாம். அவன் ஊரை அழிக்கவில்லை. கைலாசநாதர் கோயில் செல்வத்தைப் பார்த்துவிட்டு, அதைத் தொடாமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். முன்மண்டபத் தூண் ஒன்றில் கன்னடத்தில் இன்றும் அது இருக்கிறது.

அவன் பட்டத்தரசி லோகமகாதேவி. கணவன் மூன்று முறை காஞ்சியை வென்றதன் நினைவாக, கர்நாடகத்துப் பட்டடக்கல்லில் ஒரு பெரிய சிவன் கோயில் எடுத்தார். அன்று லோகேசுவரம், இன்று விரூபாட்சர் கோயில். அதன் அமைப்பில் நம் கைலாசநாதர் கோயிலின் சாயலைப் பார்க்காத கட்டடக்கலை ஆசிரியர் இல்லை. வென்ற ஊரின் கோயில் இவர் ஊரில் எழுந்தது. அந்த விரூபாட்சரின் சாயல் பிறகு எல்லோராவின் கைலாசக் குடைவரைக்குப் போனது. காஞ்சியிலிருந்து எல்லோரா வரை போன இந்தப் பாதையின் நடுவில் ஒரு ராணி நிற்கிறார்.

லோகமகாதேவியின் குணத்துக்குச் சாட்சி இதைவிடச் சின்னச் சில கல்வெட்டுகள். கோயிலைக் கட்டிய தலைமைச் சிற்பி குண்ட அனிவாரிதாசாரி. அவருக்குத் திரிபுவனாசாரி என்ற பட்டம் கொடுத்துக் கௌரவித்ததைக் கோயிலிலேயே பொறித்தார்கள். தென்திசைச் சூத்திரதாரி என்று சர்வசித்தி ஆசாரி என்பவருக்கும் அங்கே புகழுரை உண்டு. இன்னொரு கல்வெட்டில், முந்தைய அரசன் விஜயாதித்தன் பாடகர்களுக்குக் கொடுத்திருந்த உரிமைகளை லோகமகாதேவி உறுதிப்படுத்தியிருக்கிறார். உளி பிடித்தவர் பெயரும் நிற்க வேண்டும், பாடுகிறவர் பிழைப்பும் நிற்க வேண்டும் என்று அந்த இடத்தில் எண்ணம் இருந்திருக்கிறது. இவர் தங்கை திரைலோக்யமகாதேவியும் அதே அரசனை மணந்தவர். பக்கத்திலேயே இன்னொரு கோயில் கட்டினார், இன்று மல்லிகார்ச்சுனர் கோயில். அக்கா தங்கை இருவருக்கும் இடையே போட்டியா, பாசமா என்று நாவல் எழுதுகிறவர்கள் யோசிக்கட்டும்.

அடுத்து சோழர் காலம். பத்தாம் நூற்றாண்டில் சுந்தர சோழன் காஞ்சிப் பொன்மாளிகையில் இறந்தான். ‘பொன்மாளிகைத் துஞ்சின தேவர்’ என்றே கல்வெட்டுகள் அவனைக் குறிக்கின்றன. அவன் தேவி வானவன் மாதேவி, மலையமான் குலத்துப் பெண், கணவனோடு உடன்கட்டை ஏறினார். கைக்குழந்தையை விட்டுவிட்டுத் தீப்புகுந்தார் என்று திருக்கோவலூர்க் கல்வெட்டுக் கவிதை அதைக் கொண்டாடுகிறது. ஒரு பெண்ணின் சாவை அரண்மனை மெச்சுகிறபோது, அது அவர் விருப்பமா, குலத்தின் எதிர்பார்ப்பா என்று அந்தக் கவிதையை வைத்துச் சொல்ல முடியாது. சுரண்டினாலும் இழை தெரியாத இடம் அது.

அதே குடும்பத்தில், அதே தலைமுறைக்குச் சற்று முன்னால், இன்னொரு விதவை. கண்டராதித்த சோழரின் தேவி, மழவரையர் மகளார், செம்பியன் மாதேவியார். சுமார் 957-இல் கணவர் போனார். கையில் சின்னப் பிள்ளை. பட்டமோ கணவரின் தம்பி வழிக்குப் போய்விட்டது. இவர் தீப்பாயவில்லை. அதன் பிறகு நாற்பது ஆண்டுக்கு மேல் வாழ்ந்தார். 941-இல் தொடங்கும் இவர் கொடைக் கல்வெட்டுகள் 1001 வரை வருகின்றன. அறுபது ஆண்டு நீளும் பொதுவாழ்வு. மகன் உத்தம சோழன் அரசனானதைப் பார்த்தார், அடுத்து ராஜராஜன் வந்ததையும் பார்த்தார். கோனேரிராஜபுரம், விருத்தாசலம், ஆடுதுறை, திருக்கோடிகா என்று காவிரிப் பக்கமும் அதைத் தாண்டியும் செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றினார்.

பெரிய கோயில் கட்டியதெல்லாம் பணமும் செல்வாக்கும் இருந்ததால் என்று ஒருவர் சொல்லலாம். திருக்கோடிகாவில் அவர் செய்த ஒரு வேலையைப் பாருங்கள். பழைய கோயிலைப் பிரித்துப் புதிதாக எடுக்கும்போது, அதன் கற்களில் முன்னோர் வெட்டியிருந்த தானக் கல்வெட்டுகளைத் தூக்கிப் போடவில்லை. ஒவ்வொன்றாகப் படியெடுக்கச் சொல்லி, புதுச் சுவரில் திரும்ப வெட்டவைத்தார். இது பழைய கல்வெட்டின் படி என்ற குறிப்போடு. எப்போதோ யாரோ விளக்குக்குக் கொடுத்த கொடை, அவர்கள் குலம்கூட மாறிப்போயிருக்கலாம். அந்தப் பெயரும் கணக்கும் அழியக் கூடாது என்று கவலைப்பட்ட மனசு அது. இன்று திருப்பணி என்ற பெயரில் பழைய கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு பூசுகிற நமக்கு இந்த அம்மாள் சொல்லிக்கொடுக்க நிறைய இருக்கிறது.

கோனேரிராஜபுரத்தில் கணவர் பேரால் எடுத்த கோயிலில், கண்டராதித்தர் சிவனை வழிபடும் உருவத்தைச் செதுக்கவைத்தார். கோயிலை முன்நின்று கட்டிய சாத்தன் குணபத்தன் என்பவரின் உருவமும் பெயரும் அங்கே உண்டு. லோகமகாதேவியின் பட்டடக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வேறு நாடு, இரண்டு நூற்றாண்டு இடைவெளி. ராணி கட்டிய கோயிலில் வேலை செய்தவரின் பெயருக்கும் இடம் இருக்கிறது. செம்பியன் மாதேவியாருக்குப் பிறந்த உத்தம சோழன் காலத்துச் செப்பேடு ஒன்று சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காஞ்சி ஊரகத்துப் பெருமாள் கோயிலின் கணக்கு வழக்கைப் பார்க்கும் பொறுப்பை இந்த ஊர் நெசவாளர்களான பட்டசாலியரிடம் ஒப்படைத்ததை அது சொல்கிறது. தாயின் பழக்கம் மகனுக்கும் ஒட்டியது என்று சொல்ல ஆசைதான். அதற்குச் செப்பேட்டில் சாட்சியம் இல்லாததால் அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

செம்பியன் மாதேவியாரின் உருவம் என்று பலரும் சொல்லும் செப்புத் திருமேனி ஒன்று அமெரிக்காவில், வாஷிங்டன் ஃப்ரீயர் காட்சியகத்தில் நிற்கிறது. மெல்லிடை, நீண்ட கை, தேவிக்குரிய ஒயில். அதைப் பார்த்து அவர் முகம் இப்படித்தான் என்று நம்பிவிட வேண்டாம். ரங்கபதாகையைப் பார்வதி என்று பாடியதுபோல, அதுவும் உலோகத்தில் வார்த்த புகழ்ச்சிதான். திருக்கோடிகாச் சுவரில் திரும்ப வெட்டிய கல்வெட்டுகளில் அவர் இதைவிடத் தெளிவாகத் தெரிகிறார்.

இப்போது ரங்கபதாகைக்குத் திரும்பினால், அவரிடம் நாம் கேட்கக்கூடியதும் கேட்கக் கூடாததும் பிரிந்துவிடும். அவர் அழகியா, ராஜா அவர்மேல் எவ்வளவு பிரியம் வைத்திருந்தான், பட்டத்துக்கு வந்த பிள்ளைகளில் யார் அவர் பிள்ளை என்பதையெல்லாம் அந்தக் கல்லில் தேடி, கிடைக்காததைக் கற்பனையில் நிரப்பி எழுதுகிறவர்கள் உண்டு. படிக்கச் சுவையாக இருக்கும், வரலாறு ஆகாது. கல் சொல்வது ஒன்றே: இந்த வேலையை நான் செய்வித்தேன். தன் காலத்தின் மிகப் பெரிய கோயிலின் முகப்பில் அதைச் சொல்லும் துணிவும், அதற்கான வசதியும், கையோடு எழுதிவைக்கும் முன்யோசனையும் அவருக்கு இருந்தன. ஆளைப் பற்றி இவ்வளவாவது உறுதியாகச் சொல்ல முடிகிறதே, அது சின்ன விஷயம் இல்லை.

அடுத்த முறை கைலாசநாதர் கோயிலுக்குப் போனால், வாசலுக்குள் நுழையும் முன் அந்த எட்டுக் கோயில்களையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். மணற்கல் தொட்டாலே உதிரும், சாயாதீர்கள். பிள்ளைகளை அதன்மேல் ஏற்றிப் படம் எடுக்காதீர்கள். அந்த வளாகத்தில் தம் பெயரால் கட்டியவர்கள் குறைந்தது மூன்று பேர். பெரிய கோயில் ராஜசிம்மனுடையது. அதற்கு முன்னால் இருக்கும் மகேந்திரவர்மேசுவரம் அவன் மகன் மூன்றாம் மகேந்திரவர்மனுடையது. வரிசையில் ஒன்று ரங்கபதாகையுடையது. பாடப் புத்தகம் முதல் பெயரோடு நிறுத்திக்கொள்கிறது. அடுத்த பதிப்பில் மற்ற இரண்டையும் சேர்த்தால் ஒரு வரிதான் கூடும்.